வெள்ளைச் சட்டையில் ஒரு கை

படம் ஓடும்போது நம் தலைக்கு மேலே ஒரு வெளிச்சம் போகும் அல்லவா, அந்த வெளிச்சத்துக்குள் பஞ்சு பறக்கும். எங்கள் திருப்பூர்த் தியேட்டரில் மட்டும்தான் அப்படி என்பது ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு அப்படியே வந்து உட்காருகிறவர்கள், தலையிலும் தோளிலும் ஒட்டிய பஞ்சை அங்கேதான் தட்டிவிடுவார்கள். அது மெதுவாக மேலே எழும்பி வெளிச்சத்தில் மிதக்கும். திரையில் சோகமான கட்டம் ஓடினால் பனி இறங்குகிற மாதிரியும் சண்டை ஓடினால் புழுதி கிளம்பின மாதிரியும் தெரியும். பஞ்சு வாசம், வேர்வை, மல்லிகைப்பூ, இடைவேளைக்கு முன்பே பொரிய ஆரம்பித்துவிடும் முட்டை போண்டா, இத்தனையும் சேர்ந்ததுதான் எனக்குச் சினிமா.

எங்கள் வரிசையில் மட்டும் இன்னொரு வாசமும் இருக்கும். சோடாவும் ஆசிடும் கலந்த மாதிரி, மூக்கின் நுனியில் ஏறுகிற வாசம். அது அப்பாவின் கையிலிருந்து வரும்.

உனக்குப் பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால் நான் நாலைந்து சொல்வேன். நான் இப்போது வேலை பார்க்கிற கம்பெனியின் செக்கிங் டேபிளில் பனியனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே நாங்கள் பேசுகிற பேச்சு பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்கும். ஆனால் நான் சொல்லாத படம் ஒன்று இருக்கிறது. நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவள், எழுதிப் பழக்கம் இல்லை. வாயால் சொல்ல வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் பெயர் ஆறுமுகம். மூலனூர்ப் பக்கம் முருங்கைக்காட்டை நம்பி இருந்துவிட்டு, மழை ஏமாற்றிக்கொண்டே வந்ததால், நான் பிறப்பதற்கு முன்பே அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து சாயப்பட்டறையில் சேர்ந்தவர். அங்கே "வின்ச்" என்று ஒன்று இருக்கும். பெரிய தொட்டியில் சாயத்தண்ணீர் கொதிக்க, மேலே ஒரு உருளை சுற்ற, துணி கயிறு மாதிரித் திரண்டு தண்ணீருக்குள் போய்ப் போய் வரும். சிக்கு விழாமல் அதைக் கையால் எடுத்துவிடுவது அப்பாவின் வேலை. கையுறை எல்லாம் அப்போது கிடையாது. முழங்கை வரைக்கும் சாயம் ஏறியிருக்கும்.

அந்த வாரம் என்ன ஆர்டர் ஓடுகிறதோ அதுதான் அப்பாவின் கலர். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் குழாயடியில் அவரைப் பார்த்தாலே, "ஏனுங்கண்ணா, இந்த வாரம் மெரூனுங்களா?" என்பார்கள். அப்பா கையைத் திருப்பிக் காட்டிவிட்டு, "மெரூன் போன வாரமுங்க, இது பாட்டில் கிரீன்" என்று ரொம்ப மரியாதையாகப் பதில் சொல்லுவார். பச்சைக் கையால் ரசஞ்சோறு பிசைந்து சாப்பிடுவார். எனக்கு அது சின்ன வயதில் அதிசயமாக இல்லை. எல்லா அப்பாக்களுக்கும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு கலர், அடுத்த வெள்ளிக்கு ஒரு கலர் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

ஞாயிறு ஆனால் அப்பாவுக்குப் படம் பார்க்க வேண்டும். எது ஓடினாலும் பார்ப்பார். அம்மாவுக்கு அத்தனை ஆசை கிடையாது, வீட்டில் வேலை இருக்கும். அதனால் நானும் அப்பாவும்தான் போவோம். எனக்குப் பிடித்த படங்கள் என்று நான் சொல்லுகிற நாலைந்தும் அப்பாவோடு பார்த்தவைதான்.

ஒன்று, ரயிலில் குழந்தையைத் தவறவிட்ட அம்மா ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தேடுகிற படம். அதில் அந்த அம்மா ஒரு ஸ்டேஷனில் வேறு யாருடைய பிள்ளைக்கோ பால் வாங்கிக் கொடுத்துவிட்டு ரயிலைத் தவறவிடுவாள். அப்பா அழுதார். அவர் அழுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையாலேயே துடைத்துக்கொண்டார். வெளியே வெயிலில் வந்து நின்றபோது கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீலமாக இழுவியிருந்தது. சோடாக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கிருஷ்ணர் வேசங்களா?" என்றார். நின்றிருந்த ஆட்கள் எல்லாம் சிரிக்க, அப்பாவும் சிரித்துக்கொண்டே வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். அது இன்னும் பரவிக் கன்னமெல்லாம் நீலமானது. வீட்டுக்கு வரும் வழியில் நான் கொஞ்சம் பின்னால் தள்ளியே நடந்துவந்தேன். அப்பா கவனித்திருப்பார்.

இன்னொன்று, அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டு, காளை யாருக்கு என்பதில் அடித்துக்கொள்கிற படம். காங்கேயம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் தியேட்டரில் இருந்தார்கள். பாட்டு முடிந்து காளை ஓட்டம் ஆரம்பித்ததும் அப்பா, சத்தமாகச் சொல்லுகிறோம் என்று தெரியாமலே, "பாட்டுல கொம்பு நேரா இருந்துச்சு, இப்ப வளைஞ்சிருக்குது. மாட்டுக்கும் டூப் போட்டுட்டாங்க" என்றார். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து திரும்பி, "யாருப்பா அது? செரியாச் சொன்னீங்க" என்று கையைத் தூக்கினார். அப்பாவும் இருட்டில் கையைத் தூக்கினார். அன்றைக்குத் தியேட்டர் அப்பாவோடு சேர்ந்து சிரித்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் அந்தப் படம்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா வேலை செய்த பட்டறையிலேயே ஷூட்டிங் நடந்தது. சாயத்தண்ணீரால் ஆறு கெட்டுப்போய்விட்டது என்று ஆற்றின் கீழ்ப்பக்கத்து விவசாயிகள் நியாயம் கேட்டுக்கொண்டிருந்த காலம். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அந்தத் தண்ணீரை நானே பார்த்திருக்கிறேன். பட்டறைகளை மூடிவிடுவார்கள் என்று வாரத்துக்கு ஒரு பேச்சு வரும். வேலைக்குப் போகிறவர்கள் கதவு திறந்திருக்கிறதா என்று தெருமுனையிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள். படத்தின் கதையும் அதுதான். ஹீரோ ஒரு ஆபீசர். விவசாயிகளுக்காகச் சாயப்பட்டறையைப் பூட்டி சீல் வைக்க வருகிறார். வேலைக்காரர்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நிற்பதற்கு நிஜமான வேலைக்காரர்களே வேண்டும் என்று கேட்டார்களாம். முதலாளி அப்பாவையும் அவரோடு வேலை பார்த்த சுப்பிரமணி மாமாவையும் இன்னும் சிலரையும் ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னார்.

சனிக்கிழமை சாயந்தரம் அப்பா ஒரு பொட்டலத்தில் "ஹைட்ரோ" கொண்டுவந்தார். சாயத்தை உரித்து எடுக்கிற பவுடர். துணிக்குப் போடுவது, கைக்குப் போட்டால் எரியும். கல்யாணம், விசேஷம் என்றால் மட்டும் சிலர் கொஞ்சம் தேய்த்துக்கொள்வார்கள். அப்பா குழாயடியில் உட்கார்ந்து வெகுநேரம் தேய்த்தார். அம்மா நின்று பார்த்துவிட்டு, "என்னையப் பொண்ணு பார்க்க வந்தப்பக்கூட இத்தனை தேய்ச்சிருக்க மாட்டீங்க" என்றாள். விளக்கு வெளிச்சத்தில் கையை நீட்டிக் காட்டினார். வெளுத்து, சுருங்கி, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. "இதாங்கண்ணு அப்பன் கை" என்றார்.

மறுநாள் சாயந்தரம் திரும்பி வந்தபோது முழங்கை வரைக்கும் மறுபடி நீலமாக இருந்தது. அம்மா கேட்டதற்கு, "அவங்களுக்குக் கலர் வேணுமாமா" என்றார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றார். அம்மா கிராம்பு இடித்துக் கொடுத்தாள். சோறு சரியாகச் சாப்பிடவில்லை. நான் விடாமல் கேட்டேன். என்ன கட்டம், ஹீரோ பக்கத்தில் நின்றாரா, பேசினாரா என்று.

"ஹீரோ சட்டையப் புடிச்சுப் பேசற கட்டங்கண்ணு. கிட்டத்துல வெச்சு எடுத்தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். மீதியை எங்கள் லைன் வீட்டார் கட்டிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் அப்பாவுக்கு வசனம் வந்தது. இன்னொரு வாரத்தில் ஹீரோவோடு சண்டை வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் சொன்னபோது அப்பா ஹீரோவை ஒரு தள்ளு தள்ளியிருந்தார். யாராவது அவரிடமே கேட்டால் சும்மா சிரித்துக்கொண்டு போய்விடுவார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அடக்கமான மனிதர் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

படம் வந்தபோது நான் ஒன்பதாவது போயிருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே லைன் வீடு முழுக்கக் கிளம்பியது. இரண்டு வரிசை பிடித்தோம். அம்மா ஜரிகை வைத்த சேலை கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா அம்மாவுக்குத் தலை நிறையப் பூ வைத்துவிட்டு, நட்சத்திரத்தோட பொண்டாட்டி அல்லவா என்று கேலி செய்தாள். அப்பா வருவதற்கே யோசித்தார். பல்வலி மறுபடி வந்துவிட்டது என்றார். எல்லாரும் சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்காரவைத்தார்கள். அந்தப் புழுக்கத்திலும் அவர் முழுக்கைச் சட்டை போட்டுப் பித்தானைப் பூட்டியிருந்தார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கட்டம் வந்தது. எங்களுக்குத் தெரிந்த அதே கேட், அதே தொட்டி. ஹீரோ வெள்ளைச் சட்டையில் நடந்துவருகிறார். வேலைக்காரர்கள் கும்பிட்டு நிற்கிறார்கள். பூட்டை எடுத்துக் கேட்டில் மாட்டுகிறார். அப்போது அப்பா வரிசையிலிருந்து பாய்ந்துவந்து ஹீரோவின் சட்டையை நெஞ்சோடு பிடிக்கிறார். எங்கள் ஆட்கள் கத்திக் கைதட்டினார்கள். அடுத்த நொடி அப்பாவின் வாயிலிருந்து வேறு யாருடைய குரலோ வந்தது. கீச்சுக் குரல். "ஐயா, பூட்டாதீங்கய்யா, வேலையில்லாம ஊட்டுக்குப் போனா பொண்டாட்டி வெளக்குமாத்துல அடிப்பாய்யா" என்றது அந்தக் குரல். ஹீரோ குனிந்து தன் சட்டையைப் பார்க்கிறார். நெஞ்சில் நீலமாக ஒரு கை பதிந்திருக்கிறது. நிமிர்ந்து அப்பாவை ஓங்கி ஓர் அறை விடுகிறார். அந்த அறைக்குப் பாத்திரம் உருளுகிற சத்தம் போட்டிருந்தார்கள். அப்பா சுழன்று போய்ச் சாயத்தொட்டி ஓரமாக விழுந்தார்.

தியேட்டர் இடிந்துவிடும் போலச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன் "ஒன்ஸ்மோர்" என்றான். எங்கள் வரிசையிலும் சிரித்துவிட்டார்கள், பிறகு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். சிரித்தது தப்பில்லை. அப்படித்தான் எடுத்திருந்தார்கள். எனக்கே சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது.

அம்மா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்கும்போது சிரிக்கச் சொன்னால் சிரிப்போமே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு முகத்தில் இருந்தது. படம் முடிகிற வரைக்கும் அதை அவர் எடுக்கவே இல்லை. நான் தலைக்கு மேலே வெளிச்சத்தில் பஞ்சு பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் அப்பா போண்டா வாங்கப் போனார். கூட்டத்தில் யாரோ அடையாளம் கண்டு, அது நீங்கள்தானா என்று கேட்டு, கையைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பித்தானைக் கழற்றிச் சட்டைக்கையை ஏற்றிக் காட்டுவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அந்த வாரம் ஆரஞ்சு.

வீட்டுக்கு நடக்கும்போது ருக்குமணியக்காதான் பொறுக்கமாட்டாமல், "அண்ணா, நல்லாப் பண்ணியிருக்கறீங்க. அறை வாங்கறது நெசமாட்டவே இருந்துச்சுங்க" என்றாள்.

"நடிப்புங்க" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, யாரும் கேட்காமலே மறுபடியும், "எல்லாம் நடிப்புத்தானுங்க" என்றார்.

படம் நன்றாக ஓடியது. நல்ல படம்தான், நியாயத்தைத்தான் சொன்னது. ஆனால் ஊரில் எல்லாருக்கும் நினைவில் நின்றது அந்த ஒரு கட்டம். குழாயடியில் அம்மாவிடம், "ஏனக்கா, வெளக்குமாறு புதுசுங்களா?" என்று கேட்பார்கள். அம்மா முதலில் பதில் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீருக்குப் போக ஆரம்பித்தாள். என் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு எங்கள் வகுப்புப் பையன்கள் அதையே நாடகமாகப் போட்டார்கள். ஒருவன் கையில் நீல மையை ஊற்றிக்கொண்டு இன்னொருவன் சட்டையைப் பிடித்தான். கீச்சுக் குரலில் பேசினான். டீச்சர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அது யாருடைய அப்பா என்று தெரிந்த பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். நானும் கைதட்டினேன். கைதட்டாமல் இருந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. அது மட்டும் காரணம் இல்லை. அதுவும் காரணம்.

படிப்பு ஏறவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றார். திட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. "ஒரு வருசம் பொறு கண்ணு. சனங்க மறந்துருவாங்க" என்றார். படிப்பைப் பற்றி நான் சொன்னதற்கு அவர் இந்தப் பதிலைச் சொன்னதிலிருந்து அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. என் முகம் எரிந்தது. நான் பொறுக்கவில்லை. பனியன் கம்பெனியில் "கைமடி"யாகச் சேர்ந்துவிட்டேன். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து அடுக்கிக் கொடுக்கிற வேலை.

அப்பா அதன்பிறகு தியேட்டருக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினார். நான் தோழிகளோடு போனேன். படம் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. திரும்பி வரும்போது, "என்ன கதை?" என்று கேட்பார். சொல்லுவேன். அடி வாங்குகிற காமெடி இருந்தால் அதை விட்டுவிட்டுச் சொல்லுவேன்.

சில வருஷம் கழித்துப் பட்டறையை நிஜமாகவே பூட்டினார்கள். ஆபீசர்கள் வந்தார்கள், பூட்டு மாட்டினார்கள், அரக்கு வைத்தார்கள். அன்றைக்கு அப்பா யாருடைய சட்டையையும் பிடிக்கவில்லையாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். பிறகு ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் சாயம் போனது. கடைசியில் நகக்கண்ணில் மட்டும் ஒரு கோடு நின்றது, பிறகு அதுவும் போனது. நான் கல்யாணமாகி, மாசமாக இருந்தபோது அவர் செத்துப்போனார். மாலை போட்டுக் கிடத்தியிருந்தபோது அந்தக் கை வெறுங்கையாக இருந்தது. ஹைட்ரோ போட்டுத் தேய்த்த அன்றைக்கு விளக்கில் காட்டிய அதே கை.

காரியம் முடிந்த அன்று சுப்பிரமணி மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் கேட்காமலே சொன்னார்.

அப்பா வெளுத்த கையோடு ஷூட்டிங்குக்குப் போய் நின்றாராம். சாயக்காரன் கையில் கலரே இல்லையே என்று படக்காரப் பையன் ஒருவன் கோபப்பட்டு, போய் நனைத்துக்கொண்டு வரச் சொன்னானாம். அப்பா நீலத் தொட்டியில் முழங்கை வரைக்கும் விட்டு எடுத்திருக்கிறார். துணிக்கு என்றால் உப்பும் சோடாவும் போட்டுப் பிடிக்கவைத்து அலசுவோம். அந்தக் கையை யாரும் அலசவிடவில்லை, தொட்ட இடமெல்லாம் ஒட்டும். கும்பிட்டு நில்லுங்கள், ஹீரோவைத் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார்களாம்.

"கும்பிட்டுத்தான் நின்னோம் சாமி. அந்தாளு பூட்டை எடுத்து நம்ம கேட்டுல மாட்டுனாரு பாரு, உங்கொப்பன் அத நெசம்னு நெனச்சுட்டாரு. தெனமும் பயந்துட்டே போன கேட்டல்லோ. பாஞ்சு போயிச் சட்டையப் புடிச்சுட்டாரு. அந்த அறை நடிப்பில்ல சாமி. புதுச்சட்டை கெட்டுப்போச்சுன்னு நெசமாலுமே அறைஞ்சாரு. அப்பறம் டைரக்டரு, இது நல்லா வந்திருக்குது, இருக்கட்டும்னுட்டாரு."

அப்பா அப்போது என்ன பேசினார் என்று கேட்டேன். மாமா தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"'பூட்டாதீங்க சாமி, பாப்பா படிக்குதுங்க'ன்னாரு."

அதைக் கேட்டபோது எனக்கு வந்ததை அழுகை என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்த இடத்திலேயே சேலையை இழுத்து உடம்பை மூடிக்கொண்டேன்.

இப்போது என் மகள் தர்ஷினி பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளுடைய தாத்தாவை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். எங்களிடம் இருப்பது ஒரே போட்டோ, ஏதோ கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. முறைத்துக்கொண்டு இருப்பார். அவர் முறைக்கிற ஆள் கிடையாது. அந்தத் தியேட்டரும் இல்லை. இடித்துவிட்டுத் துணிக்கடை கட்டிவிட்டார்கள், நாலு மாடி. சாயப்பட்டறையில் தொட்டி எல்லாம் மூடி போட்ட மிஷினாக மாறிவிட்டது. அங்கே வேலை பார்க்கிற வடக்கத்திப் பையன்கள் கையுறை போட்டிருக்கிறார்கள். கையைப் பார்த்து இந்த வாரம் என்ன கலர் என்று யாரையும் கேட்க முடியாது. நல்லதுதான்.

போன மாதம் ஒருநாள் செக்கிங் டேபிளில் இருந்தபோது, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர் என்று தர்ஷினிக்கு மெசேஜ் போட்டேன். பதிலுக்கு ஒரு ஸ்டிக்கர் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுவதற்குப் பதில் அனுப்புகிறார்களே, அந்த அசைகிற படம். ஓர் ஆள் பாய்ந்துவந்து ஒரு வெள்ளைச் சட்டையைப் பிடிக்கிறான். அறை விழுகிறது. சுழன்று விழுகிறான். மறுபடி எழுந்து வந்து பிடிக்கிறான். அறை விழுகிறது. நிற்கவே இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் அதை அனுப்புங்க, செம காமெடி" என்றாள். அனுப்பினேன்.

அதன்பிறகு அடிக்கடி வந்தது. பால் வாங்கிவை என்றால் வரும். படி என்றால் வரும். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். ஸ்டிக்கரில் சத்தம் கிடையாது. அந்தக் கீச்சுக் குரல் இல்லை, பாத்திரம் உருளுகிற சத்தம் இல்லை. சத்தம் இல்லாததால் அப்பாவின் வாய் தெரிந்தது. பா, பா, என்று உதடு ஒட்டிப் பிரிகிறது. மாமா சொன்னது அப்படியே வாயில் தெரிகிறது.

ஒருநாள் தர்ஷினியே பேச்சை எடுத்தாள். அதில் அடி வாங்குகிறவர் யார் என்று அவளும் தோழிகளும் நெட்டில் தேடினார்களாம், எங்கேயும் பெயர் இல்லையாம்.

"ஆறுமுகம்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"ஏம்மா சொல்லல? நான் எத்தனை தடவை அனுப்பினேன்."

"வெக்கமா இருந்துச்சு கண்ணு."

தாத்தாவை நினைத்தா என்று கேட்டாள். முதலில் அப்படித்தான் இருந்தது என்றேன். பிறகு பட்டறை கேட்டையும், அவர் அங்கே என்ன சொன்னார் என்பதையும், நான் எந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் அழித்துவிடுகிறேன் என்று போனை எடுத்தாள். வேண்டாம் என்றேன். போட்டோவில் அவர் அசைய மாட்டார். அவர் நடந்து, பாய்ந்து, பேசி, எனக்குப் பார்க்கக் கிடைப்பது அதில் மட்டும்தான்.

அவள் உள்ளே போய் வெகுநேரம் ஏதோ செய்துகொண்டிருந்தாள். வந்து போனை என் கையில் கொடுத்தாள். அறை விழுவதற்கு முன்பே நிற்கிற மாதிரி வெட்டியிருந்தாள். அப்பா பாய்ந்து வருகிறார், சட்டையைப் பிடிக்கிறார், பாப்பா படிக்குதுங்க என்கிறார், கையை எடுக்கிறார். வெள்ளைச் சட்டையில் நீலமாக ஐந்து விரலும் பதிந்திருக்கின்றன. அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து வருகிறார்.

நான் துணியில் பிசிர் பார்த்தே வயதானவள். என் கண்ணுக்கு ஓரம்தான் முதலில் தெரியும். கடைசியில், ஒரு பக்கமாக, ஹீரோவின் கை மேலே எழும்ப ஆரம்பித்திருந்தது. சுண்டுவிரலும் கொஞ்சம் உள்ளங்கையும்.

தர்ஷினியும் அதைக் கவனித்தாள். "இன்னும் கொஞ்சம் வெட்டட்டுமா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன். இன்னும் வெட்டினால் சட்டையில் பதிந்திருக்கிற அப்பாவின் கையும் போய்விடும்.